நீலக் கழுத்து

கடற்கரைப் பூங்காவின் குதிரை ராட்டினத்துக்கு என் வீட்டுக்காரர் பெயிண்டர். நான் அங்கேயே டிக்கெட் கிழித்தேன். எங்கள் ஒரே மகள் அந்த இரண்டு வேலைக்கும் நடுவில்தான் வளர்ந்தாள். பத்தொன்பது வயதில் ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. மறு வருடம் பூங்காவையும் மூடினார்கள். அது எங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பல வருடம் கழித்து, அது நூறு வருடத்துப் பூங்கா, பழையபடி சீர்செய்து திறக்க வேண்டும் என்று முடிவானது. என் வீட்டுக்காரரையும், தச்சுவேலை பார்க்கும் என் தம்பியையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். பொறுப்பில் இருந்த மேடம் தன்மையானவர்.

"குதிரைங்களுக்கு முதன்முதல்ல அடிச்ச நிறம்தான் வேணும். அதுக்கு மேல இருக்கிற எல்லாத்தையும் உரிச்சிடணும்" என்றார்.

"எங்க மாமா வருஷா வருஷம் அடிச்சது?" என்று தம்பி கேட்டான்.

"அதுவும்தான். தப்பா எடுத்துக்காதீங்க."

"நாங்க எதுக்கு மேடம் தப்பா எடுத்துக்கப் போறோம்? இப்பவாவது குதிரைங்க மூச்சு விடட்டும்."

"உன் வாயை முதல்ல உரிக்கணும்டா" என்று சொல்லி என் வீட்டுக்காரரும் சிரித்தார். ஆனால் ஓரத்து வரிசையில் ஒரு குதிரையிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

மகளுக்கு ஆறு வயதிருக்கும். சீசன் முடிந்த ஒரு சாயங்காலம், நாங்கள் கொட்டகைக்குள் கித்தான் மடித்துக்கொண்டிருந்தபோது, வேலிக்கு வைத்திருந்த நீல டப்பாவைத் திறந்து அந்தக் குதிரையின் கழுத்தில் அடித்துவிட்டாள். உயரம் எட்டவில்லை. கீழிருந்து மேலே தூரிகையை வீசி வீசி இழுத்திருந்தாள். புல் முளைத்த மாதிரி இருந்தது. மேனேஜர் வந்து கத்தினார். மறு சீசனுக்கு முன் இவர் அதன் மேல் மஞ்சள் பூசினார். எந்தக் குதிரையையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் தூரிகையைத் தொடாத மனிதர், அந்தக் கழுத்தை மட்டும் தேய்க்கவில்லை. "கோடு அழிஞ்சிடும்" என்றார். அதற்கப்புறமும் ஒவ்வொரு வருடமும் அப்படித்தான், தேய்க்காமலே பூசினார்.

அவள் போன பிறகு அவளுடைய துணிமணிகளைப் பார்க்க முடியாமல் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டோம். அப்புறம் அந்தக் கழுத்தில் கை வைத்து, "உள்ளதான் இருக்கு" என்பார். நானும் வைப்பேன். அவள் கை பட்டது என்று எங்களுக்கு வேறெதுவும் மிச்சமில்லை.

நான்தான் மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து அந்தக் கழுத்தைப் பார்த்தார். "ஒரு உள்ளங்கை அளவு விட்டுடலாம். மேல கண்ணாடி வெச்சிடறேன். ஆனா அந்த நீலம் தெரியணும், அப்பதான் நான் மேலதிகாரிங்ககிட்ட கேட்க முடியும். அவரே எடுக்கட்டும்."

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். தின்னரில் நனைத்த பஞ்சு, பிளேடு. வெள்ளை போனது, மஞ்சள் போனது, இன்னொரு மஞ்சள் போனது.

"மாப்பிள்ளைக்கு முகச்சவரம் பண்ற மாதிரி பண்றீங்களே மாமா!"

"பேசாம இருடா. கை ஆடும்."

கடைசி மஞ்சள் கரையவில்லை. பிளேடு பட்டதும் தோல் மாதிரி எழும்பியது. அடியில் நீலம் ஒட்டிக்கொண்டே வந்தது. கீழே பழைய பழுப்பு நிறம் பளபளத்தது. அதைத் தொட்டு, விரலை முகர்ந்தார்.

"கிரீஸ்" என்றார்.

உப்புக்காற்றுக்குப் பயந்து, சீசன் முடிந்ததும் குதிரைகளுக்கு கிரீஸ் தடவி வைப்பது அவர் வழக்கம். மறுபடி பெயிண்ட் தொடும் முன் மண்ணெண்ணெயில் துடைத்துவிடுவார். அன்று சாயங்காலம் அவர் தடவி முடித்த கழுத்தின் மேல்தான் அவள் அடித்திருக்கிறாள். நீலம் குதிரையைப் பிடிக்கவே இல்லை. அவர் பூசிய மஞ்சளைத்தான் பிடித்திருக்கிறது.

பிய்ந்ததை என்னிடம் நீட்டினார். "கோடு தெரியுதா பாரு. உனக்குத்தான் கண்ணு நல்லா இருக்கு."

திருப்பிப் பார்த்தேன். எண்ணெய்த் தாள் போல வழுவழுவென்று இருந்தது. அவள் இழுத்த பக்கம் மஞ்சளுக்குள் போயிருந்தது.

"இல்லைங்க."

மஞ்சளை மட்டும் கரைக்கப் பார்த்தார். இரண்டும் கலந்து பச்சையாக வழிந்தது. வேறு இடத்தில் பிளேடு வைத்தார். அங்கேயும் கழன்று வந்தது. அதற்குப் பக்கத்தில் வைத்தார்.

"போதும் மாமா" என்றான் தம்பி. இப்போது அவன் குரலில் கேலி இல்லை.

"மேல பாக்கறேன். பிடரிக்கு அடியில கிரீஸ் ஏறியிருக்காது."

ஏறியிருக்கவில்லைதான். ஆனால் அவ்வளவு உயரத்துக்கு அவள் கையும் எட்டியிருக்கவில்லை. அவர் நிறுத்தவில்லை. மதியத்துக்குள் கழுத்து முழுவதும் பழுப்பாகிவிட்டது. சருகு சருகாக விழுந்ததைக் கடல்காற்று பலகைகளின் இடுக்குக்குள் தள்ளிக்கொண்டே இருந்தது. நான் கைக்கு அகப்பட்டதை முந்தானையில் பொறுக்கினேன். மடித்த இடத்திலேயே அது பொடிந்தது.

மேடம் வந்து பார்த்துவிட்டு, "ஏதாவது கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

"இல்ல மேடம். சுத்தமா உரிச்சாச்சு" என்றார் இவர். பிளேடைத் துடைத்தார். "அடுத்த குதிரையைக் கொண்டாரச் சொல்லுங்க."

மேடமும் நானும் நின்ற இடத்திலேயே நின்றோம். தம்பிதான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் அடுத்ததைக் கழற்ற ஆரம்பித்தான்.