ரெண்டு ஊருக்கும் வரி

தையல்காரம்மா பெடலை மிதித்தால் போதும், மிஷின் சத்தம் கப்பல் சத்தமாகிவிடும். கண் திறந்திருக்கும், ஆள் இங்கே இருக்கமாட்டாள். கப்பலின் மேல்தளத்தில் அவள் கணவர் காற்று வாங்கிக்கொண்டு நிற்பார், காலர் கிழிந்த அதே சட்டையில். அந்த மனுஷன் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது.

அவரா? எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஆள். பகலில் விளக்கு எரிந்தால் வீடே இரண்டுபடும். அப்பேர்ப்பட்டவர் செய்த ஒரே ஊதாரித்தனம், கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டில் ஒரு கப்பல் கம்பெனியின் பங்குகளை வாங்கிப் போட்டது. அந்தக் கப்பலில் ஒரு தடவைகூட ஏறியதில்லை, பாவம்.

அன்று மத்தியானம் அவள் வரிக் கணக்கோடு வந்து உட்கார்ந்தான் தம்பி. ஆடிட்டர். கோபம் மூக்குமேல் இருக்கும்.

"அக்கா, பங்கு லாபத்துல அந்த நாட்டுக்காரன் வரியைப் புடிச்சுக்கிட்டுதான் மிச்சத்தை அனுப்புறான். அதே லாபத்துக்கு நீ இங்கயும் முழு வரி கட்டுற. அங்க புடிச்சதை இங்க கழிச்சுக்கலாம்னு எத்தனை தடவை சொல்றது?"

"கழிச்சுக்கோயேன், யாரு வேணாம்னா?"

"அங்க வரி புடிச்சதுக்கான சான்று மாமா பேர்லதானே வருது? மாமா இறந்துட்டார்னு கம்பெனிக்குச் சொல்லி, பங்கை உன் பேருக்கு மாத்தணும். ஒரு கையெழுத்து போடு, போதும்."

ஊசி பாதித் துணியில் நின்றது. கரண்ட் பில், வீட்டு வாடகை, ஆஸ்பத்திரி என்று இங்கே எல்லா இடத்திலும் அவர் பெயரை அடித்தாயிற்று. கப்பல் கம்பெனி மட்டும்தான் வருஷம் தவறாமல் 'அன்புள்ள ஐயா' என்று அவருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது.

"வேணாம்டா. ரெண்டு பக்கமும் கட்டிடறேன்."

"பைத்தியமா உனக்கு? இது தெரிஞ்சா மாமா எழுந்து வந்து திட்டுவாரு!"

"வரட்டுமேன்னுதான்டா கட்டுறேன்."

சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. அடக்க முடியாத அழுகை.

தம்பி லேப்டாப்பை மெல்ல மூடினான். "கடைசி தேதிக்கு இன்னும் நாள் இருக்குக்கா. அதுவரைக்கும் மாமா அங்கயே இருக்கட்டும்," என்று எழுந்து செருப்பைத் தேடினான்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மிஷின் விளக்கைப் போட்டாள், பெடலை மிதித்தாள். கப்பல் கிளம்பியது. மேல்தளத்தில் நின்றவர் சட்டென்று திரும்பி, "பட்டப்பகல்ல எதுக்குடி லைட்டு?" என்றார்.

பதறிப்போய் விளக்கை அணைத்தாள். பிறகு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"டேய், எங்கடா கையெழுத்து போடணும்?"