முதல் வரிசை நாற்காலி

கருத்துப் படிவத்தில் "போதும்" என்று ஒரே வார்த்தை எழுதி நீட்டிவிட்டு அந்தப் பெண் எழுந்தபோது ஏற்பாட்டம்மாவுக்குச் சுருக்கென்றது. மூன்று வருடம் ஒற்றைக்காலில் நின்று வாங்கிக் கொடுத்த வசதிகளுக்கு ஒரு வார்த்தைதானா?

ஏற்பாட்டம்மா என்பது மாணவர்கள் வைத்த பெயர். கல்லூரியில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு வேண்டியதைச் செய்துகொடுப்பது அவள் வேலை. கண் தெரியாதவனுக்குத் தேர்வெழுத ஆள், சக்கர நாற்காலிக்காரிக்குத் தரைத்தள வகுப்பு என்று, வந்தவர்கள் வாய் திறப்பதற்குள் முடித்துவிடுவாள். அந்த வேகத்தில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. காது கேளாமல், உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளும் இந்தப் பெண்ணுக்கு முதல் வரிசையின் நடு நாற்காலியை ஆசிரியர்களிடம் சண்டை போட்டு ஒதுக்கியிருந்தாள்.

தன் முகம் நன்றாகத் தெரியும்படி திரும்பிக்கொண்டு, "இன்னும் ரெண்டு வரி எழுதும்மா. கடைசி நாள்தானே, மனசுல இருக்கறத எழுது" என்றாள்.

பெண் தயங்கினாள். "முன்னாடி உட்கார்ந்தா சார் வாய் மட்டும்தான் தெரியும் மேடம். பின்னாடி யாராவது ஏதாவது சொல்வாங்க. சார் சிரிப்பார். நான் திரும்பறதுக்குள்ள எல்லாரும் சிரிச்சு முடிச்சிருப்பாங்க. ஓரமா ஒரு இடம் கிடைச்சிருந்தா எல்லார் முகமும் தெரிஞ்சிருக்கும்."

"இத முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லத்தான் வந்தேன். 'நீ கவலப்படாத, எல்லாம் நான் பாத்துக்கறேன்'னுட்டீங்க. அப்புறம் எனக்காக சண்டையெல்லாம் போட்டீங்க. எப்படி மேடம் வேணாம்னு சொல்றது?"

குற்றம் சொல்கிற குரல் இல்லை. அதைத்தான் ஏற்பாட்டம்மாவால் தாங்க முடியவில்லை.

"ஃப்ரெண்ட்ஸ் யாரும்…?"

"எல்லாரும் நல்லவங்கதான் மேடம். நோட்ஸ் கேட்டா குடுப்பாங்க."

பெண் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். எங்கே உட்கார்ந்தால் வசதி என்று கேட்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடித்த தன் சுறுசுறுப்பை நினைத்து ஏற்பாட்டம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. இனி எந்த நாற்காலியை நகர்த்தி என்ன?

இருப்புக் கொள்ளாமல் எழுந்து வாசலுக்கு வந்தாள். வாசல் படிகளில் அந்த வகுப்பே படம் எடுத்துக்கொள்ள வரிசையாக நின்றிருந்தது. எல்லோருடைய முதுகும் இவளுக்குத் தெரிந்தது. அந்தப் பெண் ஓரமாகத்தான் போய் நின்றாள். கீழே கேமராவோடு நின்றவன் கையை ஆட்டினான்.

"அங்க ஏன் நிக்கற? நீ முன்னாடி வா!"

அன்பாகத்தான் கூப்பிட்டான். நாலு பேர் தோளைப் பிடித்து அழைத்துப்போய் அவளைக் கீழே கடைசிப் படியில், எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினார்கள்.

பின்வரிசையில் ஒருத்தி ஏதோ சொன்னாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

"ஏம்மா…" என்று ஏற்பாட்டம்மா கூப்பிட்டாள். அத்தனை முகங்களும் அவள் பக்கம் திரும்பின. கடைசிப் படியில் இருந்த தலை மட்டும் கேமராவைப் பார்த்தபடி அசையாமல் இருந்தது.