ஒரு குட்டிக்கு எத்தனை பேர்

1

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. ஒக்லாள் பெரியம்மா கேட்டது ஒரு பானை ஓட்டுச்சில்லு, அதில் இரண்டு பெயர். விடிந்ததும் வந்து கேட்டாள். மை அரைக்க வேண்டும், கொஞ்சம் இரு என்றேன். மை நேற்றே அரைத்தாயிற்று. அவள் வெளியே அத்திமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே அவள் கேட்டதை எழுதாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இவ்வளவுதான். நாளை இரண்டாம் மாதம் பதினாலாம் தேதி. பஸ்கா என்பது எங்கள் முன்னோர் எகிப்திலிருந்து மீண்டதை நினைத்துச் சாப்பிடும் ஆட்டுக்குட்டி விருந்து. முதல் மாதத்தில் தீட்டுப்பட்டுப் பஸ்கா சாப்பிட முடியாமல் போனவர்கள் நாளைக்கு எருசலேமுக்குப் போய்ச் சாப்பிட்டாக வேண்டும். எந்தக் குட்டியில் யார் யாருக்குப் பங்கு என்று ஓட்டில் எழுதிக் கொண்டுபோனால்தான் ஆலய வாசலில் உள்ளே விடுவார்கள். எங்கள் ஊர் நெத்தோபாவில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன், அசூப். ஒக்லாளின் பெயரை எழுதுவதில் சிக்கல் இல்லை. சிக்கல் அவள் மருமகள் அரிஷாத். அஸ்தோத்துக்காரி, எங்களுக்கு அந்நியரான பெலிஸ்தர் ஊரில் பிறந்தவள். அவள் பெயர் ஓட்டில் இல்லாவிட்டால் தானும் வாசலைத் தாண்டப் போவதில்லை என்கிறாள் கிழவி. காரணம் இல்லாமல் பஸ்காவை விட்டவர்கள் ஜனத்திலிருந்து அறுப்புண்டு போவார்கள். அப்படிப் போனவர்களுக்குக் குடும்பக் கல்லறையில் இடம் கிடையாது. அவளுடைய புருஷனும் ஒரே மகன் பெலாயாவும் அங்கேதான் இருக்கிறார்கள்.

2

முதல் தொடக்கத்தை உடைந்த எண்ணெய்ச் சாடியின் ஓட்டில் எழுதினேன்:

"நெத்தோபாவில் ஒரு விதவை இருந்—"

ஒரு விதவை இல்லை, ஒரே வீட்டில் இரண்டு பேர். கழுவிவிட்டேன்.

"கிணற்றுச் சுவர் சரிந்து பெலாயா செத்த அன்று அவன் மனைவி அழுத அழுகையில் மலைகளெல்லாம்—"

மலைகள் ஒன்றும் செய்யவில்லை. அரிஷாத் அழுததை நான் பார்க்கவும் இல்லை. இப்படி எழுதினால் படிக்கிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுலபமாகப் போய்விடுவார். அந்த வசதியைச் செய்து கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. இதையும் கழுவினேன்.

"பட்டியலை எழுதியவன் நான்."

இது நிற்கட்டும். போன மாரிக்காலத்தில் எருசலேமிலிருந்து உத்தரவு வந்தது, அந்நியப் பெண்களைக் கட்டியவர்கள் அவர்களை அனுப்பிவிட வேண்டும் என்று. எங்கள் ஊருக்கு நான் எழுதினேன். முதலில் புருஷன் பெயர், அப்புறம் அவன் தகப்பன் பெயர், கடைசியில் பெண்ணின் ஊர். பதினேழு வரி. பதினேழு பெண்களும் போனார்கள், சிலர் பிள்ளைகளோடு. (எண்ணைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். யோசித்ததனாலேயே சொல்லிவிட்டேன்.)

அரிஷாத்துக்கு வரி விழவில்லை. வரி புருஷனில் தொடங்கும், அவள் புருஷனோ அதற்கு இரண்டு வருஷம் முன்பே கல்லறைக்குப் போய்விட்டான். அனுப்பிவிட ஆள் இல்லாததால் அவளை யாரும் அனுப்பவில்லை. அவள் இங்கே இருக்கிறாள் என்றும் எங்கேயும் எழுதப்படவில்லை.

3

முதல் மாதம் பத்தாம் தேதி ஆட்டுக்குட்டியைப் பார்த்து எடுத்துக் கட்டிப்போட வேண்டும். ஒரு குட்டிக்கு வீட்டில் ஆள் போதாவிட்டால் அக்கம்பக்கத்தோடு சேர்ந்துகொள்ளலாம். மகன் போன பிறகு ஒக்லாளுக்கு எங்கள் குட்டியில்தான் பங்கு. இரண்டு பஸ்காவுக்கு அரிஷாத்தும் கூடவே வந்து சாப்பிட்டாள். முதல் மாதக் கூட்டத்தில் வாசலில் ஓடு கேட்பதில்லை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த வருஷம் கிழவி மடி நிறையக் கசப்புக் கீரையோடு வந்து எத்தனை பேர் என்று விசாரித்தாள். உன்னோடு ஒன்பது என்றேன். அப்படியானால் பத்து என்றாள். நான் குட்டியின் காதைத் திருப்பிப் பழுது இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன். அந்தக் காதை அன்று காலையிலேயே இரண்டு தரம் பார்த்திருந்தேன்.

"ஒன்பதுதான் பெரியம்மா."

"எண்ணத் தெரியலையா ஒனக்கு? நான் ஒண்ணு, அவ ஒண்ணு."

"அவ பேரு எந்தத் தகப்பன் வீட்டுப் பட்டியல்லயும் இல்ல. மூப்பருங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

"போன வருசம் என்ன சொன்ன?"

"போன வருசம் யாரும் கேக்கல."

"இந்த வருசம் மட்டும் யாருப்பா கேட்டா? நீயாத்தான் கேட்டுக்கிற."

உண்மைதான். யாரும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. (மூப்பர்கள் வந்து மிரட்டியதாக ஒரு வரைவில் எழுதினேன். நன்றாக வந்திருந்தது. அந்த ஓட்டையும் கழுவிவிட்டேன்.)

4

இனி அரிஷாத்தைக் கொண்டுவர வேண்டும். இங்கேதான் கை ஓடவில்லை. அவள் கல்யாணமாகி வந்து எட்டு வருஷம், பக்கத்து வீடு, இடையில் ஒரு சுவர். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததை ஒரு சின்ன ஓட்டில் எழுதிவிடலாம். மீனுக்கு எங்களைவிட உப்பு அதிகம் போடுவாள். எங்களோடு பேசுவதைவிட ஆட்டோடு அதிகம் பேசுவாள். இவள் இப்படிப்பட்டவள் என்று ஒரு வரி எழுதப் போனால் அது வேறு யாரோ ஒருத்தியாகிவிடுகிறது.

அவளுக்கு நீளமாக ஒரு சபதம் எழுதிக் கொடுத்தேன். மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்து, உயிர் உள்ளவரை—

இல்லை. அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. பெலாயா செத்த வருஷம் அஸ்தோத்திலிருந்து அவளுடைய அண்ணன் கழுதையோடு வந்து கூப்பிட்டான். அவனுக்குச் சோறு போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஏன் போகவில்லை என்று என் மனைவி ஏலாள் கேட்டதற்கு, அத்தைக்கு இடது கண் தெரியவில்லை, அடுப்பில் கையை வைத்துவிடுவார்கள் என்றாளாம். அவ்வளவுதான் அவள் சொன்னது. இதை வைத்துக்கொண்டு நான் என்ன காவியம் பாடுவது?

ஆட்டுக்குட்டியில் பங்கு இல்லை என்று தெரிந்த அன்றும் அவள் சண்டைக்கு வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மாமியாரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "நீங்க போய்ச் சாப்பிட்டு வாங்க அத்தை. நான் ஆட்டைப் பாத்துக்கறேன்."

5

பதினாலாம் தேதி சாயங்காலம் குட்டியை வெட்ட வேண்டும். பதின்மூன்றாம் தேதி காலையில் ஒக்லாள் கோலை ஊன்றிக்கொண்டு கல்லறைச் சரிவுக்குப் போனாள். அங்கே கல்லறை வெட்டும் அண்ணன் தம்பி இருவர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மகன் கல்லறையின் கல்லை நகர்த்தச் சொன்னாளாம். வேண்டாம், தீட்டு ஒட்டும், நாளைக்குப் பஸ்கா என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தெரியும்டா, நகர்த்து என்றாளாம். உள்ளே போய் வெகுநேரம் இருந்துவிட்டு வந்தாள்.

(விளக்கம்: செத்தவர் எலும்பையோ கல்லறையையோ தொட்டால் ஏழு நாள் தீட்டு. தீட்டுள்ளவர்கள் முதல் மாதத்துப் பஸ்காவைச் சாப்பிடக் கூடாது. அவர்கள்மேல் குற்றமும் இல்லை. இரண்டாம் மாதத்தில் சாப்பிடலாம். பஸ்காவுக்கு முந்தின நாள் எல்லோரும் இந்தத் தீட்டுக்குப் பயந்து கல்லறைப் பக்கமே போகமாட்டோம். வேண்டுமென்று போய்த் தொட்டவர் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை.)

உச்சிவெயிலில் திரும்பி வந்தாள். கிணற்றடியில் பெண்கள் கூட்டம். தெரு நடுவில் நின்று சொன்னாள்.

"நான் கல்லறைக்குள்ள போயிட்டு வர்றேன். யாரும் கிட்ட வராதீங்க. அசூப்பு, ஒன் குட்டியில எனக்குப் பங்கு வேண்டாம். எட்டுப் பேரோட நிறுத்திக்கோ."

சொல்லிவிட்டு நடந்தவள் கல் தடுக்கி விழுந்தாள். கோல் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். தொட்டால் எங்களுக்குச் சாயங்காலம்வரை தீட்டு, குளித்தால் போய்விடும், அவ்வளவுதான். ஆனாலும் மறுநாள் பஸ்கா. ஏலாள் நீட்டின கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அரிஷாத் மாவு அப்பிய கையோடு உள்ளேயிருந்து வந்தாள். கிழவியை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள், புழுதியைத் தட்டிவிட்டாள், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த ஏழு நாளும் ஒக்லாளைத் தயங்காமல் தொட ஊரில் இருந்தவள் அவள் ஒருத்திதான். இழப்பதற்கு அவளுக்கு நாங்கள் ஒரு பங்கும் வைத்திருக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே மறுநாள் போய்ச் சாப்பிட்டேன். கறி நன்றாகத்தான் இருந்தது.

6

கிழவி ஏன் அப்படிச் செய்தாள்? கதைக்கு இது தெரிந்தாக வேண்டும். "மருமகள்மேல் வைத்த அளவில்லாத அன்பினால்" என்று எழுதி

(இங்கே நிறுத்த வேண்டியதாயிற்று. ஒக்லாள் உள்ளே வந்துவிட்டாள். தரை முழுக்க ஓடுகளாகக் கிடப்பதைப் பார்த்தாள். இன்னுமா மை அரைக்கிறாய் என்றாள். எழுதியதை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.)

கிழவி என்று நான் எழுதிய இடங்களில் சிரித்தாள். தெரியாதது இடது கண் இல்லை, வலது கண் என்று திருத்தினாள். கடைசி வரிக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது.

"அன்பு கின்புன்னெல்லாம் எழுதாத. நீங்க எட்டுப் பேரு கறி திங்க, அவ இங்க ஆட்டோட தனியா உக்காந்திருப்பான்னு நெனச்சேன். எனக்குத் தொண்டையில எறங்காது. கோவம்ப்பா. ஒம்மேலதான் கோவம்."

கல்லறைக்குள் அவ்வளவு நேரம் என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"எம்மவன்கிட்டப் பேசினேன். ஒம்பொண்டாட்டியைச் சேத்துக்கமாட்டேங்குறாங்கடா, நானும் வெளியதான் நிக்கப் போறேன், கடைசியில இங்க எடம் இல்லாமப் போனாலும் கோவிச்சுக்காதன்னு சொன்னேன்."

பிறகு தரையில் கிடந்த ஓடுகளைக் கோலால் தள்ளினாள்.

"இவ்வளவு எழுதியிருக்கியே. ரெண்டு பேரு எழுத ஒனக்கு மை இல்லையா?"

7

முடிவுகள் என்னிடம் மூன்று இருந்தன.

ஒக்லாள் பெயரை மட்டும் எழுதுவது. அவள் வாசல்வரை போய்த் திரும்பிவிடுவாள். எனக்கு ஒரு வம்பும் வராது.

அரிஷாத்தை யூதாவில் பிறந்தவளாக எழுதுவது. இதைக் கிழவியிடம் சொல்லிப் பார்த்தேன். வேறெவளோ பேரைச் சொல்லி அவள் எதுக்குத் தின்ன வேண்டும் என்றாள்.

மூன்றாவதில் மூப்பர்கள் மனம் மாறி, எல்லோரும் கட்டிக்கொண்டு—

அடித்துவிட்டேன்.

நான் இழுத்தடித்ததற்குப் பயம் ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு, அதை ஒக்லாளிடம் சொன்னேன். அரிஷாத் இவ்வளவு நாள் இங்கே இருப்பதே எந்த எழுத்திலும் இல்லாததால்தான். ஓட்டில் எழுதினால் அவள் எருசலேம்காரர்கள் கண்ணில் படுவாள். பதினெட்டாவது வரி விழுந்தாலும் விழும். கிழவிக்கு இது தோன்றியிருக்கவில்லை. சுவர்ப் பக்கம் போய் மருமகளைக் கூப்பிட்டாள்.

அரிஷாத் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அவர்கள் வெள்ளாடு போட்ட குட்டி, அதைத்தான் நாளைக்குக் கொண்டுபோகிறார்கள். நான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். எட்டு வருஷத்தில் அவளோடு நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். கேட்டுவிட்டுக் குட்டியின் காலைச் சரியாகப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதுங்க. அனுப்புறதா இருந்தாலும் இங்க இருந்தவள்னு சொல்லித்தான அனுப்பணும்."

எழுதினேன்.

"நெத்தோபா, பெலாயாவின் வீடு. ஒரு வெள்ளாட்டுக்குட்டி. ஒக்லாள், பெலாயாவின் தாய். அரிஷாத், பெலாயாவின் மனைவி, அஸ்தோத்தில் பிறந்தவள். கல்லறை வெட்டும் சகோதரர் இருவர்." (இரண்டு பெண்களால் ஒரு குட்டியைத் தின்று தீர்க்க முடியாது. எப்போதும் கல்லறைத் தீட்டோடு இருப்பதால் இவர்கள் இருவருக்கும் எந்த வருஷமும் முதல் மாதப் பஸ்கா வாய்த்ததில்லை. யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் சம்மதம் என்றார்கள்.) எழுதியவன் பெயரை ஓட்டில் போடும் வழக்கம் இல்லை. அசூப் என்று கீழே போட்டேன்.

நாளை சாயங்காலம் நாலு பேரும் வாசலில் நிற்பார்கள். காவலன் ஓட்டை வாங்கி வாசிப்பான். அவன் விடுவதாக எழுதிப் பார்த்தேன், மறுப்பதாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டையும் கழுவிவிட்டேன். யார் உள்ளே யார் வெளியே என்று நான் ஏற்கெனவே ஒரு தரம் எண்ணியவன். திரும்ப அதைச் செய்யமாட்டேன்.

ஆகவே இதை வாசிக்கிறவரே, வாசலில் நிற்பது நீங்கள்தான். ஓடு உங்கள் கையில் இருக்கிறது. அதில் எழுதாததும் உங்களுக்குத் தெரியும். கிழவிக்குக் கால் வலிக்கிறது, பின்னால் ஆட்கள் நெருக்குகிறார்கள், வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது. அரிஷாத் குட்டியை இறக்கிவிடவில்லை. நீங்கள் சொல்வதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறாள்.