அட்டைப்படத்துக்கு ஒரு கையெழுத்து

ஆய்வேடு புத்தகமாக வரப்போகிறது என்றதும் அந்த ஆய்வாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. மருத்துவமனையில் நெடுநாள் கிடக்கும் குழந்தைகள் வரையும் படங்களைப் பற்றியது அவள் ஆராய்ச்சி. கூரைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படத்தைப் பதிப்பாளர் அட்டைக்கே எடுத்துக்கொண்டார். அதை வரைந்த சிறுமி பிழைக்கவில்லை.

"இதுக்கு அனுமதி யாரும்மா குடுத்தா?" என்று பதிப்பாளர் ஃபோனில் கேட்டார்.

"ஆஸ்பத்திரியில வாங்கியிருக்கேன் சார். பேப்பர், கலர் பென்சில் எல்லாம் அவங்களோடதுதானே?"

"அப்படிப் பாத்தா என் புத்தகமெல்லாம் பேனாக் கம்பெனிக்குத்தான் சொந்தம். வரைஞ்சவங்களுக்குத்தாம்மா காப்புரிமை. அந்தப் பொண்ணு இல்லைன்னா அப்பா அம்மாவுக்கு."

"ஆய்வேட்டுல போட்டப்ப யாரும் கேக்கலையே?"

"அது ஆராய்ச்சி. அலசி எழுதறதுக்கு எடுத்தா நியாயமான பயன்பாடுன்னு விடுவாங்க. இது கடையில விக்கிற அட்டை. அவங்க கையெழுத்து இல்லாம அச்சுக்குப் போகாது."

அடிக்குறிப்பில் 'நன்றி' போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றே இத்தனை காலம் ஓட்டியிருக்கிறாள். படித்து என்ன பிரயோஜனம்! பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் எந்த முகத்தோடு போய்க் கையெழுத்துக் கேட்பது? கேட்காவிட்டால் புத்தகம் இல்லை. புத்தகம் இல்லாவிட்டால் கல்லூரி வேலை நிரந்தரமாகாது. அனுமதிப் படிவத்தையும் படத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு போனாள்.

சிறுமியின் தாய் தையல் கடையில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தார். படிவத்தோடு நீட்டிய படத்தின் நகலைக் கண்டதும் மிஷின் நின்றது.

"இது எம்பொண்ணு வரைஞ்சதா? எனக்குத் தெரியாதே. துணியும் செருப்பும்தானே குடுத்தனுப்பினாங்க."

"ஆராய்ச்சிக்காக நான் வாங்கி வச்சிருந்தேங்க. அசல் காலேஜ் அலமாரியில இருக்கு."

"கூரைமேல இருக்கறது நான்தான். ஒழுகுதுன்னு தார்ப்பாய் போட ஏறி, இறங்கப் பயந்து உக்காந்துட்டேன். அதப் பாத்து அவ விழுந்து விழுந்து சிரிச்சா."

ஆய்வேட்டில் அதைச் 'சொர்க்கத்தின் மீதான ஏக்கம்' என்று பக்கம் பக்கமாக அளந்திருந்தாள். கூனிக்குறுகிப் போனாள்.

"யாருக்கு வரைஞ்சேன்னு ஏதாச்சும் சொன்னாளா?"

சிறுமி சொல்லியிருந்தாள். எல்லாக் குழந்தைகளிடமும் ஆய்வாளர் கேட்கும் கேள்விதான் அது. பதிலை மேற்கோள் குறிக்குள் போட்டு, ஓர் அத்தியாயத்துக்குத் தலைப்பாகவே வைத்திருந்தாள். நகலைப் பார்த்தபடியே அதைச் சொன்னாள்.

"'அம்மா வந்தா குடுத்துடுங்கக்கா'ன்னு சொன்னா."

அந்த அம்மா அனுமதிப் படிவத்தை மடித்து அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

"மொதல்ல அதக் குடுங்க. அப்புறம் கேளுங்க."