நாகலெட்சுமி குடியிருந்த கம்ப்யூட்டர்

என் பொண்டாட்டி நாகலெட்சுமி செத்த பிறகும் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் உயிரோடு குடியிருந்தாள். வாடகைகூடக் கொடுக்கவில்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயா பக்கத்தில் நான் சொல்வதை யாரும் நம்பி எனக்குப் பழக்கமும் இல்லை.

என் பெயர் முத்துலிங்கம். தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஒருதடவை நான் பெக்டரியில் ஒரு பியூஸ் கட்டையை மாற்றிப் போட்டேன். உடனே பொல்பிட்டிய மின்நிலையத்திலிருந்து பெரிய எஞ்சினியரே போன் எடுத்து, "யாருங்க அங்க இவ்வளவு அழகா பியூஸ் போடுறது? எங்க மெஷினெல்லாம் இங்க சந்தோசத்துல சுத்துது" என்று கேட்டார். இதைச் சொன்னால் எங்கள் லயத்து வரிசைவீட்டுச் சனம் முழுக்கச் சிரிக்கும். ஒரே ஒருத்தர் மட்டும் சிரிக்கமாட்டார். அவர் செல்வரத்தினம் மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்குப் படிப்பிக்க வந்தவர், யுத்தம் வந்து பாதையை அடைத்ததில் எங்களோடேயே தங்கிவிட்டார்.

"எந்த எஞ்சினியர் முத்துலிங்கம்? ஆளின்ர பேர் என்ன?" என்று கேட்பார்.

இப்படிப்பட்ட மனுசனைப் பக்கத்து வீட்டில் வைத்துக்கொண்டு ஒருத்தன் எப்படிப் பிழைப்பது?

எங்களுக்கு ஒரே மகன், துஷாந்த். தோட்டத்து ஆபீசில் அவனுக்கு ஒரு வேலை பேசி வைத்திருந்தேன். அவனோ கொழும்பில் கம்ப்யூட்டர் திருத்துகிற கடைக்குப் போகிறேன் என்று நின்றான். அது இரண்டாயிரத்து ஏழாம் வருஷம். "கொழும்புல நம்ம பயலுகளப் பிடிச்சுப் பிடிச்சு உள்ள போடுறாங்க. அங்க போனீன்னா என்கூடப் பேசாத" என்றாள் நாகலெட்சுமி. அவன் போனான். அவள் பேச்சை நிறுத்தினாள். லீவில் வந்தால் அவனுக்குப் பிடித்த கருவாட்டைத் தேடிப் பொரிப்பாள். ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். "இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளுங்க" என்று என்னிடம் சொல்வாள். "போதும்னு சொல்லுங்கப்பா" என்று அவன் என்னிடம் சொல்வான். இரண்டு பேரும் ஒரே பலகையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் நான் அந்த வீட்டில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சாக வேலை பார்த்தேன். சம்பளமில்லை.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டரைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். நான் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கரப்பான் குடும்பம் இருந்தது.

"டிஸ்க் செத்துப் போச்சுப்பா, கழட்டிட்டேன். அது இல்லாமலே இது ஓடும்" என்றவன், சுண்டுவிரல் அளவில் ஒரு பென் டிரைவை எடுத்துக் காட்டினான். "இதுக்குள்ள கம்ப்யூட்டரை ஓட்டுற லினக்ஸ் இருக்கு. ரொம்பச் சின்ன லினக்ஸ். பேரு பப்பி, நாய்க்குட்டி."

அந்தக் குச்சியைப் பின்பக்கம் செருகினான். கறுப்புத் திரையில் எழுத்து எழுத்தாக ஓடியது. கடைசியில் படம் வந்ததும் கம்ப்யூட்டர் 'வவ்' என்று ஒரு குரைப்புக் குரைத்தது. இது என் சொந்தச் சரக்கில்லை, அதைச் செய்தவர்களே அப்படித்தான் செய்து வைத்திருந்தார்கள். லயத்து நாய்கள் எல்லாம் பதிலுக்குக் குரைத்தன. அதைக் கேட்டு நுவரெலியா நாய்களும் குரைத்தது மட்டும் என் சரக்கு.

பிறகு அவன் குச்சியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "முழுசா மெமரிக்குள்ள ஏறிடுச்சுப்பா. குச்சி கடைக்காரரோடது, நாளைக்கு அங்க வேணும். வர்ற ஞாயித்துக்கிழம சொந்தமா ஒன்னு வாங்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் நிப்பாட்டிடாதீங்க. கரண்ட் போனா உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும்."

ஒரு மைக்கையும் பொருத்தினான். "சிவப்பை அமுக்கினா நாம பேசுறதைப் பதியும். பச்சையை அமுக்கினா அதைத் திருப்பிச் சொல்லும்." சொன்னது என்னிடம். பார்த்தது அடுப்படியில் நின்ற அம்மாவின் முதுகை. அவள் திரும்பவில்லை. அவன் பஸ்ஸுக்குப் போனான்.

பின்னேரம் மாஸ்டர் வந்து பார்த்தார். "ஹார்ட் டிஸ்க் இல்லாமல் கம்ப்யூட்டர் ஓடுமோ? விசர்க்கதை. எங்கையோ ஒளிச்சு வச்சிருக்கிறீர்" என்று மேசைக்குக் கீழே குனிந்து தேடினார். தேடக் குனிந்ததில் முழங்கால் பிடித்துக்கொண்டது. நானும் நாகலெட்சுமியும்தான் தூக்கி நிறுத்தினோம்.

திங்கட்கிழமை நாகலெட்சுமி என் முன்னால் வந்து நின்றாள். "ஏங்க, அந்தச் சிவப்பை அமுக்கிட்டு வெளிய போங்க."

"எதுக்கு?"

"பேசப் போறேன். நீங்க நின்னா எனக்குப் பேச வராது."

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நான் நின்றால்தான் அவளுக்குப் பேச்சே வரும், அதுவும் நிற்காமல். ஆனாலும் போனேன். திரும்பிக் கூப்பிட்டபோது கண்ணைச் சேலையால் துடைத்துக்கொண்டிருந்தாள். பதிவதை மட்டும் நிறுத்தச் சொல்லிவிட்டு, "அவன் ஞாயித்துக்கிழம வந்து கேக்கட்டும். நீங்க கேட்டீங்கன்னா, அப்புறம் இருக்கு உங்களுக்கு" என்றாள்.

மறுநாள் காலையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தவள் அடுப்புப் பக்கம் சாய்ந்தாள். தோட்டத்து லொறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எதையும் பத்து மடங்காக்கிச் சொல்கிற வாய் இது. இதை ஒரு மடங்காகச் சொல்லவே இதற்குப் பலமில்லை.

கொழும்புக் கடைக்குப் போன் எடுத்தேன். துஷாந்தை முதல்நாள் போலீஸ் சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார் முதலாளி. அடையாள அட்டையைக் காட்டி வெளியே எடுக்க அலைந்துகொண்டிருப்பதாகவும் சொன்னார். அவள் எதற்குப் பயந்தாளோ அது நடந்தது. நல்லவேளை, அவளுக்குத் தெரியாது.

அவனுக்காக அவளை எடுக்காமல் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். வீடு முழுக்கச் சனம். மூலையில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பார்க்காத ஒரு நேரத்தில் பச்சையை அமுக்கினேன். "டேய் துஷாந்து" என்றாள். மலைக்கு அந்தப் பக்கம் கொழுந்து எடுக்கிறவளைக் கூப்பிடுகிற சத்தத்தில். அதற்குமேல் கேட்க என்னால் முடியவில்லை. நிறுத்திவிட்டேன்.

வந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். "நாகலெட்சுமி இதுக்குள்ளதான் இருக்கா. வயரைத் தொட்டுடாதீங்க." பாவம், மனுசனுக்குத் தலை குழம்பிவிட்டது என்று தலையைத் தடவினார்கள். மாஸ்டர் மட்டும் கோபித்தார். "உம்மட துக்கம் எனக்கு விளங்குது. ஆனா இதையும் ஒரு கதையாக்காதையும் முத்துலிங்கம். செத்தவவுக்கு மரியாதை குடும்."

வியாழக்கிழமைக்குமேல் வைத்திருக்க முடியவில்லை. ஆம்பளைகள் எல்லோரும் தூக்கிக்கொண்டு மயானத்துக்குப் போனோம். முழங்கால் ஏலாததால் மாஸ்டர் மட்டும் வீட்டில் இருந்தார்.

வேலை பார்த்த காலம் முழுக்க லயம் லயமாகப் போய் நான் கத்திய கத்து ஒன்று உண்டு. 'இடி இடிச்சா மொதல்ல எல்லா வயரையும் புடுங்குங்க.' எங்கள் மலையில் இடி கூரைக்கு மேலேயே நடந்துபோகும். எத்தனை வீடுகள் அதனால் தப்பின! எங்கள் சொந்தக்காரர்களில் அதை மனப்பாடமாக்காத ஆளில்லை.

நாங்கள் மண் போடும்போது இடித்தது. மழையில் ஊறி வீட்டுக்கு வந்தால் திரை கறுப்பாக இருந்தது. வலப்பனையிலிருந்து பிந்தி வந்த கொழுந்தியா, அழுத முகத்தோடு ஓடி வந்தாள். நான் சனத்திடம் சொன்ன எதுவும் அவளுக்குத் தெரியாது. "அத்தான், நல்லவேளை, இடிச்ச ஒடனே எல்லாத்தையும் புடுங்கிட்டேன். நீங்க சொல்லித் தந்ததுதான்."

"நல்ல வேலை செஞ்சம்மா" என்றேன்.

இருட்டும் நேரத்தில் துஷாந்த் வந்தான். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. கையில் புதுக் குச்சி, கவர்கூடப் பிரிக்கவில்லை. அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில் உட்கார்ந்தான். "அம்மா கோவத்தோடயே போயிட்டாங்க இல்லப்பா?" என்றான்.

"இல்லடா! உனக்காக இதுல பேசி வச்சாடா."

அவன் கறுப்புத் திரையைப் பார்த்தான். தரையில் கிடந்த வயரைப் பார்த்தான். "என்ன பேசினாங்க?"

எனக்குத் தெரிந்தது இரண்டு வார்த்தை. மிச்சத்தை இந்த வாய் கட்டியது. "என் தங்கமே, என் ராசாவே, நீ கொழும்பையே ஆளப் பிறந்தவன், உன்னைப் பெத்ததுக்கு நான் ஏழு மலையளவு..."

"அப்பா." என்று இடைமறித்தான். "அம்மா என்னைத் தங்கம்னு கூப்பிட்டதே இல்ல. இது உங்க பேச்சு. இன்னைக்கு ஒரு நாளைக்காவது வேணாம்ப்பா."

"சத்தியமாடா! அவ பேசினாடா!" என்று கத்தினேன். வீட்டில் இருந்த ஒரு ஆள்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் ஒரு உண்மை சொன்னேன், அதற்கு எனக்குச் சாட்சி இல்லை.

பெஞ்சிலிருந்து மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"தம்பி, உங்கட அப்பா மிச்சத்தைக் கேக்கேல்லை. நான் கேட்டனான். எல்லாரும் மயானத்துக்குப் போன நேரம், இந்த மனுசன் புளுகுறாரோ எண்டு பாக்கத்தான் அந்தப் பச்சையை அமத்தினனான்." எங்கள் ஊருக்கு வந்த நாளிலிருந்து எங்கள் தோட்டத்துப் பேச்சில் ஒரு வார்த்தைகூடப் பேசாதவர், அன்றைக்கு அவள் சொன்னதை அவள் சொன்னபடியே சொன்னார்.

"'டேய் துஷாந்து. கோவமெல்லாம் இல்லடா. பயம். பயமா இருக்குன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு வாய மூடினேன். இப்ப எப்படித் தெறக்கிறதுன்னு தெரியல. வந்தீன்னா நீயே மொதல்ல எதையாச்சும் கேளு. நான் பதில் சொல்றேன்.'"

துஷாந்த் அப்படியே தரையில் குப்புற விழுந்து அழுதான். கொழுந்தியா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்ட பிறகு எனக்கு இருக்க முடியேல்லை. வெளியில பீலித் தண்ணியில முகம் கழுவிக்கொண்டு நிண்டனான். அதுக்குள்ள இடி இடிச்சிட்டுது" என்றார் மாஸ்டர். பிறகு என் பக்கம் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"உம்மட கதை ஒண்டையும் நான் இதுவரைக்கும் ஏத்துக்கொண்டதில்லை முத்துலிங்கம். இது நடந்தது. அவ இதுக்குள்ளதான் இருந்தவ."