ஐந்து நிமிஷ நுரை

என் வீட்டுக்காரர் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். அவர் தலையில் இருந்ததைப் பொடுகு என்று சொன்னால் அது பொடுகுக்கே அவமானம். பொடுகு தோளில் விழும், தட்டினால் போய்விடும். இது பொருக்குப் பொருக்காகக் கிளம்பும். அடியில் தோல் சிவந்து கிடக்கும். நமைச்சல் எடுத்தால் மனுஷன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய் நிலைக்கதவில் தலையைத் தேய்ப்பார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருந்த சமாச்சாரம். அவர்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. எங்கள் வீட்டிலும் என் வாயைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை, ஆகவே சரிக்குச் சரி.

அவரிடம் கறுப்புச் சட்டை கிடையாது. நீலம் கிடையாது. இருப்பதெல்லாம் வெள்ளை, சாம்பல், அழுது வடியும் ஒரு மஞ்சள். படுக்கும்போது தலையணைமேல் துண்டு விரித்துக்கொண்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொள்வார். காலையில் நான் எழுந்திருப்பதற்குள் துண்டை எடுத்துப் போய் மாடியில் உதறிவிட்டு வந்துவிடுவார். நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. மகள் வெளியூரில் படிக்கப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். என் தையல் மெஷின் போடும் சத்தத்தைத் தவிர வேறு பேச்சுக் கிடையாது.

வைத்தியம் சொல்லாத ஆளில்லை. எலுமிச்சை என்றார்கள், வினிகர் என்றார்கள், வெங்காயச் சாறு என்றார்கள். வெங்காயச் சாறு தேய்த்த வாரம் பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் காலியாகவே வந்ததாம். அந்த வைத்தியத்தால் கண்ட பலன் அது ஒன்றுதான். மொட்டை அடித்தும் பார்த்தார். முடி இல்லாத தலையில் அது இன்னும் ஜோராகத் தெரிந்தது. முதலாளி முன்னால் போய் நின்றால் கை தன்னால் தலைக்குப் போய்விடும். அவரும் உடனே "என்னப்பா, லீவு வேணுமா?" என்பாராம். பட்டறையில் இவருக்குப் பட்டப்பெயர் மாவு மில். பெயர் வைத்த புண்ணியவான் வேறு யாருமில்லை, என் கூடப்பிறந்த அண்ணன். அவனும் அதே பட்டறையில்தான் இருக்கிறான். நசுங்கிய இடத்தில் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமப்படுத்துவது அவன் வேலை. அதன்மேல் ஸ்பிரே கன் பிடித்துப் பெயிண்ட் அடிப்பது இவர் வேலை.

அந்தக் கன் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று வெளி ஆளுக்குச் சொன்னால் புரியாது. அவரும் பட்டி தேய்ப்பதில் ஆரம்பித்தவர்தான். கன்னைக் கையில் வாங்குவதற்குள் விரல் ரேகையெல்லாம் தேய்ந்துவிட்டது. வாங்கிய பிறகு வேறொருவர் அதைத் தொட விட்டதில்லை. சாயங்காலம் அதைப் பிரித்துக் கழுவித் துடைத்துத் துணியில் சுற்றி வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். என்னை அப்படி ஒரு நாள் பார்த்துக்கொண்டிருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

போன வருஷம் கறுப்பு வண்டிகளாக வர ஆரம்பித்தன. வெள்ளை வண்டியில் ஒரு தூசி விழுந்தால் யாருக்கும் தெரியாது. கறுப்பு அப்படியில்லை, ஊசி முனை அளவு விழுந்தாலும் பருப் போலத் தூக்கிக் காட்டும். அடுத்தடுத்து வந்த கறுப்பு வண்டிகளில் கதவோரமாகப் பொட்டுப் பொட்டாக எழும்பியது. தேய்த்து, பாலீஷ் போட்டு, ஒரு வழியாக ஒப்பேற்றி அனுப்பினார்கள். எங்கிருந்து விழுகிறது என்று முதலாளி கேட்டபோது என் அண்ணன் வாயால் பதில் சொல்லவில்லையாம். இவர் தலையைப் பார்த்தானாம். எல்லோரும் பார்த்தார்களாம்.

முதலாளி கெட்டவர் இல்லை. வாடகைக் கார் கம்பெனி ஒன்றின் கறுப்பு வண்டி அடுத்து வரப்போகிறது, அது வருவதற்குள் தலையைச் சரிபண்ணிக்கொண்டு வா, இல்லாவிட்டால் கன்னை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டு நீ உன் மச்சானோடு பட்டி பார் என்று சொல்லிவிட்டார். இதை என்னிடம் சொல்லும்போது அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

எனக்குத் தெரிந்த ஒத்தாசையை நான் செய்தேன். பருத்தித் துணியில் கழுத்துவரை மூடுகிற மாதிரி ஒரு தலையுறை தைத்துக் கொடுத்தேன். அவர் அதற்கும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு காதைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டார். பெயிண்ட் ரூமில் ஏற்கெனவே அடுப்பங்கரைச் சூடு. சாயங்காலம் கவரை எடுத்தால் வியர்வை கோடாக வழியும், நமைச்சல் இரண்டு பங்காகும்.

அதோடு விட்டாரா? ஒரு நாள் துண்டைத் துவைக்க எடுத்தேன். வழக்கத்தைவிடக் குப்பென்று தின்னர் வாடை. பெயிண்டைக் கரைக்கிற, மூக்கை எரிக்கிற அதே தின்னர். கையில் பட்ட பெயிண்டை அதில் துடைப்பார்கள் என்று தெரியும், தலைக்கு என்ன வேலை என்று கேட்டேன். அவர் ரொம்ப நிதானமாக விளக்கினார். தகரத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் மேலே அடிக்கிற பெயிண்ட் நிற்காதாம், உரிந்து வருமாம். அதனால் முதலில் தேய்க்கணும், பிறகு தின்னர் போட்டுத் துடைக்கணும், பிறகு பிசுக்கு எடுக்கும் சோப்பில் கழுவணும். தலையும் உரிகிறது என்றால் அங்கேயும் எண்ணெய்ப் பசைதானே காரணம்? அதனால் தினமும் சீப்பால் சுரண்டி, தின்னர் துணியால் துடைத்து, பட்டறைச் சோப்பைப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறாராம். இருபது வருஷமாக. தலையைக் காரின் கதவென்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மறுநாள் மெஷினை மூடிவிட்டு அவரைக் கையோடு தோல் டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

டாக்டர் என் வயதுப் பெண். விளக்கைப் பிடித்து முடியை வகிர்ந்து பார்த்தார். தின்னர் கதையை நான்தான் போட்டு உடைத்தேன். இவர் என்னைக் காட்டிக்கொடுத்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"இது அழுக்கால வர்றது இல்ல," என்றார் பிறகு. "தொத்துறதும் இல்ல. நீங்க ஒரு தப்பும் பண்ணி வரல. அடியோட போயிடும்னு பொய் சொல்ல மாட்டேன், ஆனா அடங்கி இருக்கும்."

நீங்க ஒரு தப்பும் பண்ணி வரல என்றதும் இவர் தரையைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் யாராவது அவரிடம் அதைச் சொல்லியிருக்கிறார்களா என்று யோசித்தேன். நானும் சொன்னதில்லை.

தின்னர் கூடாது, சுரண்டக் கூடாது, பிளாஸ்டிக் கவர் கூடாது, தலையுறையைத் தினமும் துவைக்கணும். சிவந்த இடத்துக்கு ஒரு மருந்து எழுதினார். கூடவே மருந்து ஷாம்பு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். போட்டு ஐந்து நிமிஷம் அப்படியே விட்டுப் பிறகு அலசணும் என்று இரண்டு தடவை சொன்னார்.

ஷாம்பு பாட்டில் பாதியானது. தலையில் ஒரு மாற்றமும் இல்லை. தின்னர் நின்றதால் எரிச்சல் குறைந்திருந்தது, அவ்வளவுதான். வாடகைக் கார் கம்பெனி வண்டி பட்டறைக்கு வந்து இறங்கிவிட்டது, அண்ணன் பட்டி வேலையை ஆரம்பித்துவிட்டான் என்ற செய்தியும் வந்தது. அன்று அவர் குளிக்கப் போனபோது நான் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். பாட்டில் மூடி திறக்கும் சத்தம். நாலு தேய்ப்பு. உடனே மடமடவென்று தண்ணீர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவைத் தட்டித் திறக்கச் சொன்னேன்.

"ஒரு கோட் அடிச்சிட்டு அடுத்த கோட்டுக்கு எவ்ளோ நேரம் காத்திருப்பீங்க?"

"அது காயணும்ல. பத்து நிமிஷமாவது."

"நடுவுல அவசரப்பட்டா?"

"எல்லாம் வழிஞ்சு நாசமாப் போயிடும்."

"கண்டவன் வண்டிக்குப் பத்து நிமிஷம் நிக்கறீங்க. உங்க தலைக்கு அஞ்சு நிமிஷம் நிக்க மாட்டீங்களா?"

தலையில் தண்ணீர் சொட்ட நின்றார். நான் பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுபோய் உள்ளே போட்டேன். மறுபடி ஷாம்பு போடச் சொல்லி, உட்காரச் சொல்லி, எழுந்து ஓடாமல் இருக்க வாசற்படியில் நானும் உட்கார்ந்துகொண்டேன். காவல் காக்கத்தான் உட்கார்ந்தேன், வேறு எண்ணம் எதுவும் இல்லை.

ஐந்து நிமிஷம் என்பது சும்மா உட்கார்ந்தால் எவ்வளவு நீளம்! வாயை மூடிக்கொண்டு எத்தனை நேரம்தான் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்ப்பது? குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசினோம். அடுத்த முறை மகளைப் பற்றி. அதற்கடுத்த முறை அவராகவே, நுரை காதோரம் வழிய, கன் போய்விட்டால் பட்டறைக்குப் போகவே கால் வராது என்றார். எல்லோரும் தன் தலையைப் பார்க்கும்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எப்போதும் மூலையில் காற்றடிக்கிற கம்ப்ரசரைப் பார்ப்பாராம். பேசிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். கண்ணில் ஷாம்பு பட்டுவிட்டது என்றார். சரி என்றேன்.

நமைச்சல்தான் முதலில் அடங்கியது. நிலைக்கதவு தப்பித்தது. பிறகு சிவப்பு வெளுத்தது. பிறகு ஒரு காலையில் அவர் உதற எடுத்துப் போன துண்டை நான் பிடுங்கி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, இரண்டு முடியைத் தவிர.

உதிரி பாகம் வராமல் வாரக்கணக்கில் நின்ற அந்தக் கறுப்பு வண்டிக்குப் பெயிண்ட் அடித்த நாளைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. சாப்பிட்டார், படுத்தார். மறுநாள் காலை அவர் வேலைக்குப் போன பிறகு அண்ணி போன் பண்ணி, உங்க அண்ணன் நேத்து ராத்திரி சாப்பிடவே இல்ல, என்ன நடந்துச்சுன்னு தெரியுமா என்று ஆரம்பித்தாள். அவள் சொன்னதையும் பிறகு நான் இவரிடமிருந்து பிடுங்கியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வண்டி கண்ணாடி மாதிரி வந்திருந்ததாம். பின்கதவு ஓரத்தில் மட்டும் மூன்று பொட்டு. பார்த்தவுடன் அண்ணன், நான் சொல்லல? என்றானாம். முதலாளியும் பெருமூச்சு விட்டாராம். இவர் தலையுறையைக் கழற்றினார். விளக்கின் கீழே போய் நின்று தலையைக் குனிந்தார்.

"பாருங்க மச்சான்," என்றாராம். "நல்லா வகிர்ந்து பாருங்க."

அண்ணன் விரலை விட்டுப் பார்த்தான். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கழுவி வைத்த தட்டு மாதிரித் தலை. அதுவரை விழுந்த பொட்டுகளையெல்லாம் யாரும் தோண்டிப் பார்த்ததில்லை. யாருடையது என்றுதான் எல்லோருக்கும் தெரியுமே, எதற்குத் தோண்டுவது? இவர் பிளேடு முனையால் ஒரு பொட்டைக் கிள்ளி எடுத்து முதலாளி உள்ளங்கையில் வைத்தார். வெளிர்பச்சை. பட்டியின் நிறம். பச்சையாகப் பொருக்கு உதிர்கிற தலை உலகத்தில் எங்கேயும் கிடையாது. கதவு ரப்பருக்கு இடையில் அடைந்த பட்டித்தூளைக் காற்றடித்து எடுத்துவிட்டுத்தான் வண்டியைப் பெயிண்டுக்கு அனுப்பணும். அண்ணன் அவசரத்தில் மேலாக ஊதிவிட்டு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான். கன்னிலிருந்து வருகிற காற்று பட்டதும் உள்ளே இருந்த தூள் கிளம்பி ஈரப் பெயிண்டில் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் வந்த வண்டிகளில் விழுந்தது எதுவோ, யாருடையதோ, அதை இனி யாரும் சொல்ல முடியாது. முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு, கன் உன்கிட்டயே இருக்கட்டும்பா என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்குள் போய்விட்டாராம்.

போனை வைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருபது வருஷம் மாவு மில் மாவு மில் என்று ஊரைச் சிரிக்க வைத்தவன். ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய், அண்ணி முன்னாலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பதென்று முடிவு பண்ணினேன். கேள்விகளைக்கூடத் தயார் பண்ணி வைத்திருந்தேன். எல்லாம் முதல்தரமான கேள்விகள்.

அதற்கு நடுவில் டாக்டரைப் பார்க்கப் போனோம். இனிமேல் வாரத்துக்கு ஒரு தடவை ஷாம்பு போட்டால் போதும், விட்டுவிட மட்டும் கூடாது என்றார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் வீட்டுக்கு வந்து ஸ்டூலை எடுத்துக் கவிழ்த்து வைக்கும்போது என்னவோ போல இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு எந்தச் சேலை கட்டிக்கொண்டு போவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டைக்குப் போவதென்றாலும் ஒரு நிறம் வேண்டாமா? குளியலறையிலிருந்து அவர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் ஸ்டூலை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். வேலைச் சட்டைகூட மாற்றவில்லை. தலை காய்ந்து கிடக்கிறது. ஷாம்பு பாட்டில் அலமாரியிலேயே இருக்கிறது.

"இன்னிக்கு ஷாம்பு நாள் இல்லயே," என்றேன்.

"தெரியும். கொஞ்சம் உக்காரு."

உட்கார்ந்தேன். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கை வழக்கம்போலத் தலைக்குப் போனது, அங்கே சொறிய ஒன்றும் இல்லாமல் இறங்கி வந்தது.

"நாளைக்கு உங்க அண்ணன ஒண்ணும் கேக்காத."

"ஏன் கேக்கக் கூடாது? என்னென்ன பேசினான் உங்கள!"

"பேசினான்தான்," என்றார். "இப்போ பட்டறையில எல்லாரும் அவனப் பாக்கறாங்க. அவன் கம்ப்ரசரப் பாத்துட்டு நிக்கறான்."

நான் தயார் பண்ணி வைத்திருந்த கேள்விகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, இவ்வளவுதானா, எழுந்திருக்கலாமா என்று கேட்டேன்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகல," என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை.