கொடுக்காமல் போன முத்தம்

“செத்தவங்களை ஏம்மா எல்லாரும் மோந்து பாக்குறாங்க?”

தாத்தாவை அடக்கம் செய்த அன்று, ஐந்து வயது இலாய்தியா சபை நடுவில் இப்படிக் கேட்டுவிட்டான். மெரெசெய்னி அவன் வாயைப் பொத்தினாள். கோரோத் தீவில் அதற்கு யாரும் காரணம் சொல்வதில்லை. கன்னத்தோடு மூக்கை வைத்து ஒருமுறை ஆழமாக முகர்ந்தால்தான் இறந்தவருக்கு விடை கொடுத்ததாகக் கணக்கு. அதன் பிறகுதான் மண்.

அந்த இலாய்தியா இருபத்து மூன்று வயதில், அமைதிப்படைச் சிப்பாயாகப் போயிருந்த லெபனானிலிருந்து பெட்டியில் வந்திருந்தான். சுற்றிலும் ஈயம் வைத்து அடைத்த பெட்டி. திறக்கக்கூடாது என்று பட்டாளத்தின் உத்தரவு.

ஊர் தன்னால் ஆனதையெல்லாம் செய்தது. பெண்கள் தங்கள் மகள்களின் கல்யாணத்துக்கென்று முடைந்து வைத்திருந்த பாய்களைக் கொண்டுவந்து பெட்டியின் கீழே அடுக்கினார்கள். ஆண்கள் பவளப்பாறையை உடைத்துக் குழி தோண்டினார்கள். ஊருக்கு முன்னாலிருந்த கடலில் கம்பு நட்டு, நூறு நாள் துக்கமாக அங்கே மீன் பிடிப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். பக்கத்து வீட்டுத் தராய்வினி மெரெசெய்னிக்கு மரவள்ளிக் கிழங்கைப் பிசைந்து ஊட்டப் பார்த்தாள்.

“ஒரு வாய் தின்னுக்கா. நீயும் படுத்துட்டா இன்னொரு குழி வெட்டணும். நம்ம ஊர் சோம்பேறிங்களுக்கு இந்த ஒண்ணுக்கே முதுகு போயிடுச்சு.”

மெரெசெய்னி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தராய்வினி எழுந்து, பெட்டியின் தலைமாட்டில் குனிந்து மரத்தை முகர்ந்தாள். பின்னாலேயே மற்ற பெண்களும் வரிசையாக வந்து முகர்ந்தார்கள். கடைசியாக மெரெசெய்னியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். அவள் முகத்தை வைத்தாள். வார்னிஷ் நெடி அடித்தது. வேறு எதுவும் இல்லை.

“இதுல என் பிள்ளை இல்ல,” என்றாள். “திறந்து காட்டுங்க. இல்லேன்னா மண்ணுல வைக்க விடமாட்டேன்.”

பெட்டி வந்து அது இரண்டாம் நாள். மழை கூடிக்கொண்டிருந்தது. குழியில் தண்ணீர் ஊறத் தொடங்கிவிட்டதாக ஓர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். அவள் பெட்டியின்மேல் கவிழ்ந்து கிடந்தாள். நகத்தால் ஈயத்தைச் சுரண்டினாள். விரல் நுனியில் இரத்தம் வந்தது. சபை ஊழியர் ஜெபத்தைத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

அவளுடைய தம்பி வெரெமோ கடப்பாரையோடு உள்ளே வந்தான். பெட்டியுடன் வந்திருந்த கடாவுத் தீவுச் சிப்பாய் சாக்கியாசி குறுக்கே நின்றான்.

“தள்ளுடா. என் அக்கா பிள்ளை அவன்.”

“வேணாம் மாமா.”

“கடாவுத் தீவுல உங்களுக்கு மோந்து அனுப்புற பழக்கம் கிடையாதோ? அப்படியே தூக்கி வீசிடுவீங்களோ?”

சாக்கியாசி பாயில் மண்டியிட்டு, மெரெசெய்னியின் காதருகே குனிந்தான். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

“முகம் இல்லம்மா.”

ஈயத்தைச் சுரண்டிக்கொண்டிருந்த அவள் விரல்கள் நின்றன.

“வலது கை முழுசா இருந்துச்சு. பெட்டியை அடைக்கிறதுக்கு முன்னால அதை எடுத்து மோந்தேன். உங்க பேரைச் சொல்லித்தான் மோந்தேன்.”

அவள் அவன் பக்கம் தலையைத் திருப்பிக் கேட்டாள்: “என்ன வாசனை?”

“சோப்பு. அன்னைக்குக் காலையில துணி துவைச்சான். என் சட்டையையும் சேர்த்துத்தான் துவைச்சான்.”

“நீ ஏன்பா அதைச் செஞ்சே? யாரும் சொன்னாங்களா?”

“எங்கம்மா போன வருஷம் போயிட்டாங்க. கடிதம் எனக்கு வந்து சேர்ந்தப்போ அடக்கம் முடிஞ்சு மூணு வாரம். என்னால அவங்களை மோந்து அனுப்ப முடியல. உங்களுக்காவது…”

மெரெசெய்னி எழுந்து உட்கார்ந்தாள். “கடப்பாரையைக் கீழ வை, வெரெமோ,” என்றாள். “தூக்குங்க.”

குழியில் ஊறிய தண்ணீரை ஆண்கள் வாளியால் இறைத்தார்கள். பாய்களோடு பெட்டியை இறக்கினார்கள். அழுகை அன்றோடு நின்றுவிடவில்லை. நூறு இரவும் பெண்கள் முறைவைத்து அவள் வீட்டில் படுத்தார்கள். சில இரவுகளில் அவள் சுவரில் தலையை மோதிக்கொள்வாள். அப்போது தராய்வினி தன் உள்ளங்கையைச் சுவரில் வைத்துத் தாங்குவாள். காலையில் கை வீங்கியிருந்தால், கொசு கடித்துவிட்டது என்பாள். பெரிய ஆறுதல்கள் எட்டாத இடத்தை இப்படிப்பட்ட கைகள் எட்டுகின்றன. கர்த்தர் அப்படித்தான் அனுப்புகிறார் போலும்.

நூறாம் நாள் கம்பைப் பிடுங்கிக் கடலைத் திறந்தார்கள். சாக்கியாசி எப்போதோ லெபனானுக்குத் திரும்பிவிட்டிருந்தான். அடுத்த கப்பலில் மெரெசெய்னி தலைநகர் சுவாவுக்குப் புறப்பட்டாள்.

“துணி வாங்கணும்,” என்றாள்.

“நானும் வரேன்க்கா.”

“நீ வந்தா கடைக்காரன் கடையை மூடிட்டு ஓடிடுவான்.”

நூறு நாளில் அவள் வாயிலிருந்து வந்த முதல் கேலி அது. தராய்வினி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

சுவாவில் அவள் கடைப்பக்கம் போகவில்லை. கடாவுத் தீவுக்கு வேறு கப்பல் ஏறினாள். சாக்கியாசியின் ஊர்க் கரையில் படகு அவளை இறக்கிவிட்டுப் போனபோது, மாலை ஜெபத்துக்கு மரமுரசு ஒலித்து அடங்கியிருந்தது. வீட்டுக்கு வீடு கதவைச் சாத்திக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்கள். வழியில் ஒருவரும் இல்லை. மேட்டிலிருந்த கல்லறைகளில் ஒவ்வொரு சிலுவையாக எழுத்துக் கூட்டிப் படித்து, அவன் புறப்படுமுன் கேட்டு வைத்திருந்த அவனுடைய தாயின் பெயரைக் கண்டுபிடித்தாள்.

மண்டியிட்டாள். சிமெண்டுப் பலகையில் கன்னத்தை வைத்து, மூச்சு நிறையும் மட்டும் முகர்ந்தாள்.

“இது சாக்கியாசியோடது,” என்றாள்.

ஜெபம் முடிந்து கதவுகள் திறப்பதற்குள் மேட்டைவிட்டு இறங்கினாள்.